ஊசியும் ஒரு கழா நோன்பும்

உம்முவின் மகள் றஸ்னா மௌத்தானபோது, ஒரு றமழான் மாதத்து நோன்பு முழுவதும் அவள்மேல் பாக்கியிருந்தது.

அந்த வருடம் நோன்பு தொடங்கிய கிழமையில்தான் றஸ்னாவுக்குப் பிள்ளை பிறந்தது. பிள்ளை பெற்றவள் நோன்பு பிடிப்பதில்லை. விட்ட நோன்புகளைப் பிறகு வசதியான நாட்களில் பிடித்து அடைக்க வேண்டும். கழா நோன்பு என்பது அதைத்தான். நாற்பது கழிந்து குளித்து எழும்பிய மகளிடம் உம்மு ஒருதரம் அதை நினைவூட்டினாள். "பிள்ளைக்கு மூணு மாசம் ஆகட்டும் உம்மா. இப்ப புடிச்சா பால் வத்திப் போயிரும்" என்றாள் றஸ்னா. அதுவும் நியாயம்தான். உம்மு பிறகு அதைப்பற்றிக் கதைக்கவில்லை. பிள்ளைக்கு மூன்று மாதம் ஆவதற்கிடையில் கடல் எழும்பி வந்துவிட்டது.

அன்று ஞாயிற்றுக்கிழமை. உம்மு நிந்தவூரில் தம்பி வீட்டுக்குப் போயிருந்தாள். செய்தி வந்ததும் கட்டிய புடவையோடு வீதிக்கு இறங்கினாள். பஸ் ஒன்றும் ஓடவில்லை. சனமெல்லாம் வயல் பக்கமாக ஓடிக்கொண்டிருக்க, அவள் மட்டும் ஓட்டமும் நடையுமாகக் கல்முனைக்குடிக்கு வந்து சேர்ந்தாள். மகளுக்குச் சீதனமாகக் கட்டிக்கொடுத்த கல்வீடு இருந்த இடத்தில் கூரை தரையோடு கிடந்தது. உம்முவின் புருஷன் காலிதீன் அங்கே முழங்காலில் நின்று கையால் மணலை வாரிக்கொண்டிருந்தார். மருமகன் கட்டார் நாட்டில் வேலையில். வேறு ஆள் இல்லை. விழுந்து கிடந்த கொங்கிறீட் துண்டு ஒன்றை இருவருமாக நெம்பினார்கள். பொம்பிளை தூக்குகிற பாரமல்ல அது. ஆட்கள் வரட்டும், விடு என்று காலிதீன் சொன்னது அவள் காதில் ஏறவில்லை. தம் பிடித்துத் தூக்கினாள். அதன் கீழேதான் றஸ்னா மையத்தாகக் கிடந்தாள், உயிரில்லாத பிள்ளையை மாரோடு சேர்த்துப் பிடித்தபடி.

தூக்கிய அந்த நேரமே அடிவயிற்றில் ஏதோ கழன்று கீழே இறங்கியதை உம்மு உணர்ந்தாள். ஊரெல்லாம் மையத்து அடக்கிக்கொண்டிருந்த நாள். இதைப்போய் யாரிடம் சொல்வது? சொல்லவில்லை. அகதியாகப் பள்ளிக்கூடத்தில் இருந்தபோதும் சொல்லவில்லை, கூடாரத்தில் இருந்தபோதும் சொல்லவில்லை. தூரத்துக் குழாயடியில் இருந்து தண்ணீர் சுமந்தாள், அது இன்னும் இறங்கியது. பழந்துணியை மடித்துக் கட்டிக்கொண்டு நடமாடினாள். சிலநேரம் சிறுநீர் தன்பாட்டில் போகும், சிலநேரம் முக்கி முக்கியும் சலம் போகாது. தொழுகைக்குக் கைகால் கழுவி வுழுச் செய்துவிட்டு எழும்புவதற்கிடையில் அது முறிந்துவிடும். திரும்பவும் செய்வாள்.

பள்ளிக்கூடத்து முகாமில் ஒருநாள் மௌலவி ஒருவர் பயான் சொல்லும்போது, மௌத்தானவர்கள்மேல் பாக்கியிருக்கும் நோன்பை அவர்களுடைய உரித்தாளிகள் பிடித்து அடைக்கலாம் என்றார். உம்மு அன்றே மனதுக்குள் நிய்யத்து வைத்துவிட்டாள். மகளுக்காக இனிச் செய்வதற்கு அவளிடம் இருந்தது அது ஒன்றுதான். ஆனால் உடம்பு விடவில்லை. பகல் முழுவதும் தண்ணீர் இல்லாமல் இருந்தால் சலம் எரியும், இடுப்பு உளையும், காய்ச்சல் வரும். இரண்டு மூன்று பிடிப்பாள், மறுகா மாதக்கணக்கில் படுத்துவிடுவாள். சுகமானதும் திரும்பவும் தொடங்குவாள். வீட்டுத்திட்டத்தில் வீடு கிடைத்துக் குடிபோனார்கள். மருமகன் வேறு ஊரில் இரண்டாம் கலியாணம் முடித்தான். யுத்தம் முடிந்தது. பயத்தில் கைவிட்டிருந்த சாகாமத்துப் பக்கத்து வயலுக்குக் காலிதீன் திரும்பவும் போய்வரத் தொடங்கினார். அந்த வருடந்தான் றஸ்னாவின் நோன்பில் இன்னும் ஒன்றே ஒன்று மிச்சம் என்கிற இடத்துக்கு உம்மு வந்து சேர்ந்தாள்.

அந்த ஒன்றைப் பிடிப்பதற்குள் காய்ச்சலில் மயங்கி விழுந்தாள். காலிதீன் ஓட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். பெண்ணோயியல் டொக்டர் தர்சினி, காரைதீவுப் பிள்ளை, திரைக்குப் பின்னால் உம்முவைப் பரிசோதித்துவிட்டு நீண்ட நேரம் கையைக் கழுவினாள். கர்ப்பப்பை முழுதாக வெளியே இறங்கித் துணியில் உரசிப் புண்ணாகியிருக்கிறது, எத்தனை வருடமாக இப்படி என்று கேட்டாள். உம்மு சொன்னதும், ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை. இதை எடுத்துவிட்டு உள்ளே தைத்து உயர்த்திக் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் சிறுநீரகம் பழுதாகும் என்று விளங்கப்படுத்தினாள். புண்ணை ஆற்ற வேண்டும் என்று வாட்டில் வைத்து நாளும் மருந்து கட்டினார்கள். பிறகு ஒரு செவ்வாய்க்கிழமையை ஒப்பரேசனுக்குக் குறித்தார்கள்.

றஸ்னாவைச் சுமந்த கர்ப்பப்பை அது. அதைத் தூக்கிக் குப்பையில் போடுவார்களா, புதைப்பார்களா என்று கேட்க உம்முவுக்கு வாய் வரவில்லை. மேசையில் கிடந்தபடியே மௌத்தாகிவிட்டால் அந்த ஒரு நோன்பு யாருக்கும் தெரியாமல் மகள்மேலேயே நின்றுவிடுமே என்பது இன்னொரு பக்கம் அரித்தது. திங்கட்கிழமை பின்னேரம் நேர்ஸ் முனவ்வறா கட்டிலுக்கு வந்து, நடுச்சாமத்துக்குப் பிறகு ஒரு சொட்டுத் தண்ணீரும் குடிக்கக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனாள். உம்முவுக்கு நெஞ்சு இலேசானது. எப்படியும் பட்டினிதானே. காலையில் வெட்டட்டும், பொழுதுபடும் மஹ்ரிபு வரை வாயில் ஒன்றும் வைக்காமல் கிடந்தால் அந்தக் கடைசி நோன்பும் நிறைந்துவிடும். படுக்குமுன் ஒரு வாழைப்பழமும் ஒரு கோப்பை தண்ணீரும் எடுத்துக்கொண்டு நிய்யத்து வைத்தாள். ஒருவரிடமும் சொல்லவில்லை.

செவ்வாய் காலை அவளை ஒப்பரேசன் தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். பச்சை உடுப்பு, குளிர், தலைக்குமேல் பெரிய விளக்கு. முனவ்வறாதான் கூட வந்திருந்தாள். கையில் ஏற்கனவே செருகியிருந்த சிறு குழாயைத் துடைத்து, வெள்ளை மருந்து நிரப்பிய ஊசியை எடுத்தாள்.

"இது என்ன மிஸ்?"

"கிருமி வராமத் தடுக்கிற மருந்து உம்மா. வெட்டுறதுக்கு முதல் போட்டிரணும்."

"ரெத்தத்தோட சேருமா?"

"ஓம். உடம்பெல்லாம் போகும்."

உம்மு கையை இழுத்து மற்றக் கையால் பொத்திக்கொண்டாள். தான் நோன்பு என்றும், மஹ்ரிபு பாங்கு சொன்ன பிறகு எத்தனை ஊசி வேண்டுமானாலும் போடலாம் என்றும் சொன்னாள். முனவ்வறாவும் நிந்தவூரில் பிறந்து ஓதி வளர்ந்தவள்தான். குனிந்து மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். நோயில் கிடக்கிற வருத்தக்காரருக்கு நோன்பு கடமையில்லை, அதோடு பசி தீர்க்காத மருந்தூசியால் நோன்பு முறியாது என்று சொல்கிற ஆலிம்களும் இருக்கிறார்கள். முறியும் என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள் என்றாள் உம்மு.

"எனக்குரிய நோன்பெண்டா விட்டிருவன் மிஸ். இது என்ட மகள்ட. மௌத்தானவட கடைசி நோன்பு. சந்தேகத்தோட நான் அத அவவுக்குக் குடுக்க மாட்டன்."

தியேட்டருக்குள் வேலை நின்றது. டொக்டர் தர்சினி கை கழுவுகிற இடத்தில் இருந்து வந்து, விஷயத்தைக் கேட்டு, முகக்கவசத்தைக் கழுத்துக்கு இறக்கினாள். உயரமான வட்டக் கதிரையை இழுத்து உம்முவின் தலைமாட்டில் உட்கார்ந்தாள்.

"காலையில வெட்டுங்க டொக்டர். ஊசிய மஹ்ரிபுக்குப் பிறகு போடுங்க. சாகிறதெண்டா நான்தானே சாகிற" என்றாள் உம்மு.

அது சரிவராது என்று தர்சினி சொன்னாள். ஊசி மட்டுமில்லை, சேலைனும் ஏறும், விறைக்க வைப்பதற்கு முதுகிலும் ஊசி உண்டு. ஆனால் அவற்றையெல்லாம்விட இந்த மருந்துக்குத்தான் நேரம் முக்கியம். கத்தி படும்போது அது உடம்புக்குள் இருந்தாக வேண்டும். ஊசி போடாவிட்டால் கட்டாயம் கிருமி வரும் என்று தன்னால் சொல்ல முடியாது, பலபேருக்கு வருவதில்லை. ஆனால் இது கீழ்வழியால் செய்கிற ஒப்பரேசன், கிருமி எப்போதும் இருக்கிற இடம். போடக்கூடிய மருந்தைப் போடாமல் கத்தி வைக்கத் தன் கை வராது என்றாள்.

"அப்ப இண்டைக்கு வேணாம்" என்று தர்சினி எழும்பினாள். "நோன்பப் பிடிங்க அம்மா. வெள்ளிக்கிழமை பாப்பம்."

வாட்டுக்குத் திரும்பி வந்ததும் உம்மு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். வெட்கமாக இருந்தது. பக்கத்துக் கட்டிலில் திருக்கோவில் பக்கத்து வயல்காரி செல்லத்தங்கம் கிடந்தாள். வயிற்றை வெட்டிய காயம் சீழ் பிடித்து, வாரக்கணக்காக நாளும் மருந்து கட்டிக்கொண்டிருந்தவள்.

பகல் பார்வை நேரத்துக்குக் காலிதீன் வந்தார். ஒப்பரேசன் முடிந்திருக்கும் என்று நினைத்து, சலவை செய்த சாரமும் சேட்டும் போட்டு, கையில் சோடா போத்தலோடு வந்தவர், உம்மு விழித்தபடி கிடப்பதைக் கண்டு நின்றுவிட்டார். ஏசுவார் என்று நினைத்துக்கொண்டே அவள் நடந்ததைச் சொன்னாள். ஒரு நோன்புதான் மிச்சம் என்பதையும், மேசையில் மௌத்தாகிவிட்டால் அது மகள்மேல் நின்றுவிடும் என்று பயந்ததையும் சொன்னாள். அவர் ஏசவில்லை. கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, கையில் இருந்த போத்தலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மகள்மேல ஒண்டும் இல்ல உம்மு" என்றார். "நான் எல்லாத்தையும் புடிச்சிட்டன். ஸ்கூல்ல இருந்த நேரமே."

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு மெல்ல மெல்ல விளங்கியது. அந்தப் பள்ளிக்கூடத்து நாட்களில் பகலில் சோற்றுப் பார்சல் கொடுத்தால் அவர் வாங்கிப் பக்கத்தில் வைத்துவிடுவார். துக்கத்தில் இறங்கவில்லையாக்கும் என்று அவளே அதை எடுத்து அடுத்த வகுப்பறைப் பிள்ளைகளுக்குக் கொடுத்திருக்கிறாள். அந்த மௌலவியின் பயானை அவரும் கேட்டிருக்கிறார். அவளைப்போல அவரும் அன்றைக்கே நிய்யத்து வைத்திருக்கிறார்.

"அப்ப ஏன் எனக்குச் சொல்லல்ல?"

"நீ அப்ப ஒத்தரோடயும் கதைக்கல்ல. தேவைக்கு மட்டும்தான் பாயில இருந்து எழும்பின. மறுகா ஒருநாள் தன்னால விடியச்சாமம் சஹர்ச் சாப்பாட்டுக்கு எழும்பின. மகளுக்காகப் புடிக்கன் எண்டு சொன்ன. அதக் கேட்டாப் பிறகு எனக்கு வாய் வரல்ல."

"நான் காச்சல்ல கிடந்தன். சலம் போகாமக் கத்தினன். எல்லாம் பாத்துக்கொண்டுதானே இருந்தீங்க."

"ஓம்" என்றார் காலிதீன். பிறகு, நோன்பைத் திறந்துவிட்டு டொக்டரிடம் சொன்னால் இன்றைக்கே செய்வார்களோ தெரியாது, கேட்டுப் பார்க்கட்டுமா என்றார். உம்மு அவரைப் பார்க்கவில்லை.

"நீங்க புடிச்சது நீங்க புடிச்சது. இது நான் புடிச்சது" என்றாள்.

அவர் தலையை ஆட்டினார். போத்தலைக் கட்டிலடியில் வைத்துவிட்டு, மணி அடிப்பதற்கு முன்பே எழும்பிப் போனார். உம்முவுக்குக் கோபம் வந்தது. தனியாகச் சுமக்கிறோம் என்று நம்பித்தான் இத்தனை வருடமும் சுமந்தாள். சுமை எப்போதோ இறக்கப்பட்டுவிட்டது என்று தெரிந்தும் ஒருவர் பக்கத்தில் படுத்திருந்திருக்கிறார். அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. இரக்கம் என்று எடுப்பதா, துரோகம் என்று எடுப்பதா?

பின்னேரம் முனவ்வறா ஒரு பையைக் கொண்டுவந்து தந்தாள். வாசலில் வைத்துக் காலிதீன் கொடுத்துவிட்டாராம். உள்ளே பேரீச்சம்பழம் இருந்தது. வெளிச்சம் மங்கத் தொடங்கியதும் செல்லத்தங்கம் வயிற்றைக் கையால் அணைத்துக்கொண்டு எழும்பி, கோப்பையில் தண்ணீர் ஊற்றி உம்முவின் பக்கத்தில் வைத்தாள். பாங்குக்காக அவளும் சேர்ந்து காத்திருந்தாள். காத்திருந்த நேரத்தில்தான் தன் கதையைச் சொன்னாள். கரு கர்ப்பப்பைக்குப் போகாமல் குழாயில் தங்கி வெடித்துவிட்டது. வயலில் விழுந்தவளைப் புருஷன் வேலப்போடி உழவு மிசினில் போட்டுக்கொண்டு வந்தார். வந்து சேர்ந்தபோது நாடி விழுந்துகொண்டிருந்ததாம்.

"வந்த கையோட வெட்டினாங்க அக்கா. மருந்து உடம்பில ஊறுறதுக்கு நேரமில்ல. அவங்கள்ள பிழை சொல்ல ஏலா. மருந்துக்காகப் பாத்துக்கொண்டு நிண்டிருந்தா இண்டைக்கு நான் இல்ல. உசிரு தப்பின, காயம் பழுதாப் போன. நாத்தம் வருகிதெண்டு நானே மூக்கப் பொத்திக்கொண்டு கிடந்திரிக்கன்."

பாங்கு கேட்டது. உம்மு பிஸ்மில்லாச் சொல்லிப் பேரீச்சம்பழத்தை வாயில் வைத்தாள். கடைசி நோன்பு. அழுகை வரும் என்று நினைத்திருந்தாள், வரவில்லை. தண்ணீரைக் குடித்து முடித்து வெறும் கோப்பையைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். செல்லத்தங்கம் அதை வாங்கி இன்னும் ஊற்றிக் கொடுத்தாள்.

மறுநாள் காலை டொக்டர் தர்சினி வாட்டுச் சுற்றி வந்தபோது, நோன்பு நிறைந்ததா என்றுதான் முதலில் கேட்டாள். நிறைந்தது என்றாள் உம்மு. பிறகு, தான் நேற்றுக் கேட்டதையே வேறுவிதமாகக் கேட்டாள். வருத்தம் வந்த பிறகு மருந்து கொடுப்பதைத்தான் தான் இவ்வளவு காலமும் கண்டிருக்கிறாள், வருவதற்கு முன்னமே கொடுக்கிற மருந்து எப்படி வேலை செய்யும்?

தர்சினி அவசரப்படவில்லை. தோலில் எப்போதும் கிருமி இருக்கிறது, உள்வழியிலும் இருக்கிறது என்றாள். வெட்டுகிற நேரம் அது இரத்தத்தோடு உள்ளே போகும். அந்த நேரம் மருந்து அங்கே காவல் நின்றால் கிருமியால் தங்க முடியாது. பின்னேரம் கொடுத்தால், அதற்குள் அது குடியேறிவிடும். குடியேறியதைக் கிளப்புவது பெரிய பாடு. செல்லத்தங்கத்தின் கட்டிலைக் கண்ணால் காட்டினாள்.

"இவங்களுக்கு அந்த நேரம் கிடைக்கல்ல அம்மா. உங்களுக்கு இரிக்கு."

உம்மு அந்தப் பேச்சை அன்றைக்கும் அடுத்த நாளும் மனதுக்குள் உருட்டிக்கொண்டிருந்தாள். கடல் வருவதற்கு முன்னம் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீதியைக் கடக்கிற அளவு நேரம் கிடைத்திருந்தால் போதும். அது றஸ்னாவுக்குக் கிடைக்கவில்லை. தனக்குக் கிடைத்திருப்பதைத் தட்டிவிடுவது யாருக்குச் செய்கிற நன்மை?

வெள்ளிக்கிழமை காலை திரும்பவும் அந்தப் பெரிய விளக்கின் கீழ் கிடந்தாள். முனவ்வறா ஊசியோடு வந்தபோது கையைத் தானே நீட்டினாள். பிஸ்மில்லாச் சொன்னாள். மருந்து குளிர்ந்துகொண்டு முழங்கை தாண்டி ஏறியது. முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே விறைக்க வைத்தார்கள். அதற்குப் பிறகும் கத்தியை எடுக்கவில்லை. தர்சினி சுவர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மற்றவர்களும் கையுறை போட்ட கைகளை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஏன் நிற்கிறார்கள் என்று உம்மு கேட்டாள்.

"மருந்து போய்ச் சேரட்டும் உம்மா" என்றாள் முனவ்வறா.

இன்னும் வராத ஒரு கேட்டுக்காக இத்தனை பேர் கையைக் கட்டிக்கொண்டு நின்றதை உம்மு தன் ஆயுளில் கண்டதில்லை. அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. சத்தமில்லாமல் கண்ணீர் காதுப் பக்கம் வழிந்தது. நோகுதா என்று யாரோ கேட்டார்கள். இல்லை என்று தலையை ஆட்டினாள். முனவ்வறா பஞ்சால் துடைத்துவிட்டாள்.

விழித்தபடியே கிடந்ததால் சாமான்கள் தட்டத்தில் விழும் சத்தம் கேட்டது. வலி இல்லை. அடியில் யாரோ எதையோ இழுப்பதுபோல மட்டும் இருந்தது. கர்ப்பப்பை எந்த நேரம் தன்னை விட்டுப் போனது என்று அவளுக்குத் தெரியவில்லை. அதைத் தெரிந்துகொள்ளத்தான் கண்ணை மூடாமல் கிடந்தாள். நீண்ட நேரத்துக்குப் பிறகு, முடிந்தது அம்மா என்று தர்சினியின் குரல் கேட்டது. எடுத்ததை என்ன செய்வீர்கள் என்று அப்போது உம்மு கேட்டேவிட்டாள். பரிசோதித்துப் பார்க்கக் கொழும்புக்கு அனுப்புவோம், புற்றுநோய்போலக் கூடாத வருத்தம் ஏதும் இருக்கிறதா என்று பார்ப்பார்கள் என்றாள் தர்சினி. கொஞ்சம் பொறுத்து, "அதில ஒரு பிள்ள பிறந்ததெண்டு எனக்குத் தெரியும்" என்றாள்.

அன்று பின்னேரம் காலிதீன் வந்து, எந்தக் குளிசை, எத்தனை வேளை என்று முனவ்வறாவிடம் கேட்டார். நோவுக்கு மட்டும்தான் குளிசை, கிருமிக்குப் போட்ட அந்த ஒரு ஊசி போதும் என்றாள் அவள். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. வெளியே பாமசியில் வாங்கிக் கொடுக்கட்டுமா என்று கேட்டார். தேவையில்லாமல் விழுங்கினால் பிறகு தேவையான நேரம் அந்த மருந்து கேட்காமல் போகும் என்றாள் அவள். அடுத்த நாள் உம்முவுக்கு உடம்பு கொஞ்சம் சுட்டது. காலிதீன் வாசலில் நின்று தஸ்பீஹ் மணி உருட்டிக்கொண்டிருந்தார். தர்சினி வந்து பார்த்து, பொறுத்துப் பார்ப்போம் என்றாள். பொழுதுபடுவதற்குள் சூடு தன்பாட்டில் இறங்கியது. சலக்குழாயைக் கழற்றிய அன்று, பல வருடத்துக்குப் பிறகு முதல்தடவையாக உம்மு நோவில்லாமல் சலம் கழித்தாள். வெளியே வந்து கதவைப் பிடித்துக்கொண்டு அல்ஹம்துலில்லாஹ் என்றாள். செல்லத்தங்கம் கட்டிலில் இருந்தபடி சிரித்தாள். அவளுடைய காயமும் சீழ் நின்று, அடியில் சிவந்த புதுச்சதை வரத் தொடங்கியிருந்தது.

வீட்டுக்கு வந்தும் உம்மு காலிதீனோடு தேவைக்கு மட்டும்தான் கதைத்தாள். அவர் சமைத்தார், துணி தோய்த்தார், பாரம் தூக்கக்கூடாது என்பதற்காகக் குடத்தைக்கூட அவள் கைபடாத இடத்தில் வைத்தார். வயலில் சிறுபோகம் அறுவடைக்கு வந்திருந்தது. அதை வேறு ஆளிடம் பார்க்கச் சொல்லிவிட்டு வீட்டோடு இருந்தார். கொழும்பில் இருந்து பதில் வந்தது, கூடாத வருத்தம் ஒன்றும் இல்லை. காயம் சுத்தமாக ஆறியிருந்தது. தர்சினி பார்த்துவிட்டு, இனிப் பயமில்லை, ஆனால் வருகிற றமழான் நோன்பைக் கொஞ்ச நாள் பொறுத்துத் தொடங்குங்கள் என்றாள்.

கிளினிக்கில் இருந்து வந்த அன்று பகல் உம்மு குசினி வாசலில் உட்கார்ந்திருந்தாள். காலிதீன் உள்ளே மீன் வெட்டிக்கொண்டிருந்தார். சஹருக்கு என்னத்தைச் சாப்பிட்டீர்கள் என்று அவள் திடீரென்று கேட்டாள். எந்தச் சஹருக்கு என்று அவர் கேட்கவில்லை. நிவாரணத்துக்குத் தந்த பிஸ்கற்றும் குழாய்த் தண்ணீரும் என்றார். ஒருநாள் அதுவும் இல்லை, வெறும் தண்ணீர்தான். அவள் இன்னும் கேட்டாள், அவர் இன்னும் சொன்னார். ரெண்டு பேர் புடிச்சாக் கூடிப்போகுமா உம்மு, கூடினா அவவுக்கு நன்மைதானே என்றார். பிறகு, மீனை வெட்டுகிற கை நின்றது.

"அண்டைக்குக் காலையில நான் அவட வீட்டதான் இருந்தன்" என்றார். "தேத்தண்ணி தந்தா. குடிச்சிட்டு, பேரனத் தொட்டில்ல ஆட்டிக்கொண்டு இருந்தன். சந்தைக்குப் போய் சூரை வாங்கிட்டு வாங்க வாப்பா எண்டு அவதான் அனுப்பின. பிறகு போறன், கொஞ்சம் இரிக்கட்டும் எண்டன். போங்க, நல்ல மீன் முடிஞ்சிரும் எண்டா."

இதை அவர் எவரிடமும் சொன்னதில்லை. உம்மு அவருடைய முகத்தைப் பார்த்தாள்.

"சூரையா? அவ சூரை தின்னமாட்டாளே. மணக்கும் எண்டுவாள்."

"எனக்குத்தான்" என்றார் காலிதீன். "எனக்கு ஆக்கித் தர."

உம்மு சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழும்பினாள். உள்ளே போய், அவருக்குப் பக்கத்தில் பலகையைப் போட்டு உட்கார்ந்து, வெட்டிய துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கழுவத் தொடங்கினாள். பாரமில்லாத வேலைதான் என்றாள். அவர் தடுக்கவில்லை. தொட்டிலில் ஆட்டும்போது பேரன் முழித்திருந்தானா, தூங்கிவிட்டானா என்று கேட்டாள்.

"முழிச்சிருந்தான்" என்று சொல்லிக்கொண்டு, அவர் முதலில் இருந்து சொல்லத் தொடங்கினார்.